கரி அடுப்பில் சுட்ட கருவாடு

(பாஸ்கா காலம் 3ஆம் ஞாயிறு, 2025 மே 4. வானொலி மறையுரையின் எழுத்து வடிவம். நற்செய்தி: யோவான் 21:1-19)



இன்றோடு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி 20 நாள் ஆகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. காசிமேட்டுப் பக்கம் போனால் தெரியும். படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. கரையேற்றிய படகுகளில் பெயிண்ட் வாசனையும் வெல்டிங் வெளிச்சமும். நிழல் கிடைத்த இடத்தில் எல்லாம் ஆண்கள் உட்கார்ந்து வலையைச் சரிபார்க்கிறார்கள். மற்ற மாதங்களில் பத்து நாள், பதினைந்து நாள் என்று தங்குகடலுக்குப் போகிறவர்கள் இப்போது ராத்திரியில் வீட்டில் படுக்கிறார்கள்.

வீடுகள் சந்திக்கப் போகும்போது நாம் ஒன்றைக் கவனித்தோம். இந்த 61 நாளில் சில வீடுகளில் சிரிப்புச் சத்தம் கூடியிருக்கிறது. சில வீடுகளில் சண்டைச் சத்தம் கூடியிருக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அப்பா வீட்டில் இருக்கிறார்.

இது மீனவர் வீட்டுக் கதை மட்டும் இல்லை. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் மூன்று ஷிப்ட் போட்டு உழைக்கிற குடும்பங்களில், ஒருவர் எழும்போது இன்னொருவர் படுக்கப் போகிறார். மீன் விற்கிற அம்மா விடிவதற்கு முன்பே கூடையோடு ஏலத்துக்குப் போய்விடுகிறார். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் போக வரிசையில் காத்துக் கிடக்கிற கன்டெய்னர் லாரி டிரைவர், லாரியின் நிழலில் ஸ்டவ் பற்றவைத்துத் தனக்கு மட்டும் சோறு வடிக்கிறார். அவர் பிள்ளைகள் எந்த ஊரிலோ சாப்பிடுகிறார்கள். நம் பகுதி பலருடைய வீட்டு அடுப்பு எரியக் காரணமான பகுதி. ஆனால் அந்த அடுப்பைச் சுற்றி எல்லாரும் சேர்ந்து உட்காருவது இங்கே அபூர்வம்.

இன்றைய நற்செய்தியில் ஒரு அடுப்பு வருகிறது. அதனால்தான் இவ்வளவும் சொன்னோம்.

பேதுரு ஒரு நாள் மீன்பிடிக்கக் கிளம்புகிறார். கூட ஆறு பேர். இராத்திரி முழுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. இதை எண்ணூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படர்ந்தபோது, வலையில் ஒட்டிய கறுப்பைத் துடைத்தபடி வெறுங்கையோடு நின்றவர்கள் அவர்கள். விடிகிற நேரத்தில் கரையில் ஒருவர் நிற்கிறார். வலப்பக்கம் வலையைப் போடச் சொல்கிறார். வலை நிறைகிறது. அது ஆண்டவர் என்று தெரிந்ததும் பேதுரு கடலில் குதித்துவிடுகிறார். கரைக்கு வந்து பார்த்தால், அங்கே கரி நெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். எல்லாம் ஏற்கெனவே தயார்.

அந்த மீன்களின் எண்ணிக்கை 153 என்று யோவான் எழுதி வைத்திருக்கிறார். எங்களைப் போன்ற சாமியார்களுக்கு இந்த எண் கிடைத்தால் போதும். ஒன்றிலிருந்து பதினேழு வரை கூட்டினால் 153 வரும் என்று புனித அகுஸ்தினார் கணக்குப் போட்டார். அன்றைய உலகம் அறிந்த மீன் வகைகளே அத்தனைதான் என்று புனித எரோணிமுஸ் விளக்கம் சொன்னார். ஒருமுறை அன்பியக் கூட்டத்தில் இதையெல்லாம் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் இருந்த வயதான மீனவர் ஒருவர் கையைத் தூக்கினார். "எண்ணாம எப்படி சாமி பங்கு பிரிப்பாங்க?" என்று கேட்டார். கூட்டமே சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் அகுஸ்தினாரைவிட அவர் சொன்னது நமக்குப் பிடித்துப்போய்விட்டது. படகில் போனவனுக்குப் பங்கு. கோவிலைச் சுற்றி வாழ்கிற நாமும் பங்கு. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல். பிடித்ததைப் பிரித்துக் கொடுக்காத இடத்தில் பங்கு என்ற பெயர்ப்பலகை மட்டும்தான் இருக்கும்.

பேதுரு நம் ஊர்க்காரர் என்றே சொல்லலாம். இராயப்பர் என்பது நம் முன்னோர் அவருக்கு வைத்த பெயர். யோவானை அருளப்பர் என்றும், பவுலைச் சின்னப்பர் என்றும், அந்திரேயாவைப் பெலவேந்திரர் என்றும் கூப்பிட்ட தலைமுறை அது. அந்த இராயப்பரின் பெயரால்தான் இராயபுரம் ஆனது என்பார்கள். சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன், கப்பல்கள் தள்ளி ஆழத்தில் நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகளில் ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவர்கள் நம் படகுக்காரர்கள். அவர்கள் தங்கள் உழைப்பின் காசில் 1829இல் எழுப்பியது இராயபுரம் புனித இராயப்பர் ஆலயம். அவர்கள் எத்தனையோ புனிதர்களை விட்டு இவரைத் தேர்ந்துகொண்டதில் ஆச்சரியம் இல்லை. தொழில் ஒன்று. கோபமும் ஒன்று. சொன்ன சொல்லில் நிற்க முடியாமல் போன வெட்கமும் ஒன்றாக இருந்திருக்கும்.

அந்த வெட்கத்துக்குத்தான் இப்போது வருகிறோம்.

பூந்தமல்லி குருத்துவக் கல்லூரியில் நாங்கள் படிக்கும்போது, திருவிவிலியப் பேராசிரியர் ஒருவர் கரும்பலகையில் ஒரு கிரேக்கச் சொல்லை எழுதினார். அந்த்ரக்கியா. கரி நெருப்பு என்று பொருள். புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்தச் சொல் இரண்டே இடத்தில் வருகிறது, இரண்டும் யோவான் நற்செய்தியில். ஒன்று இந்தக் கடற்கரை. இன்னொன்று தலைமைக் குருவின் வீட்டு முற்றம். குளிராக இருந்த அந்த இராத்திரியில் காவலர்கள் மூட்டிய கரி நெருப்பில் கை காய்ச்சிக்கொண்டு நின்றபோதுதான், இயேசுவைத் தெரியவே தெரியாது என்று பேதுரு சாதித்தார். இப்போது ஈர உடையோடு கரைக்கு ஓடி வருகிறவரின் மூக்கில் முதலில் ஏறியது எந்த வாசனையாக இருந்திருக்கும்?

வகுப்பில் மற்றவர்கள் குறிப்பு எழுதிக்கொண்டார்கள். நமக்கு அன்று பேனா நகரவில்லை. நினைவு வேறு ஒரு கரி அடுப்புக்குப் போய்விட்டது.

திருவொற்றியூரில் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவே எங்கள் வீடு. ஓட்டு வீடு. வீட்டில் கடிகாரம் இருந்தது, ஆனால் நாங்கள் நேரம் பார்த்தது தொழிற்சாலைச் சங்கை வைத்துத்தான். அப்பா ஒரு தொழிற்சாலையில் வேலை. மூன்றாவது ஷிப்ட் என்றால் இராத்திரி பத்து மணிக்குப் போய்க் காலை ஆறு மணிக்கு முடியும். நடுஇராத்திரியில் கேன்டீனில் ஒரு டீயும் ஒரு பன்னும் கொடுப்பார்கள். அப்பா டீயை மட்டும் குடித்துவிட்டு, பன்னைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார். நாங்கள் நான்கு பிள்ளைகள். அண்ணன், அக்கா, பிறகு நாம், கடைசியில் தங்கை. அம்மா தையல் நூலால் அந்தப் பன்னை நான்காக அறுப்பார். கத்தியால் அறுத்தால் உதிரும், ஒருவருக்குக் குறையும். பன்னில் லேசாக மெஷின் எண்ணெய் வாசனை இருக்கும். அந்த வாசனை இல்லாத பன்னைப் பிறகு எத்தனையோ கடைகளில் சாப்பிட்டிருக்கிறோம், ஏதோ குறைகிற மாதிரிதான் இருக்கிறது. அப்பா அந்த எட்டு மணி நேரமும் வெறும் டீயோடு நின்றார் என்பது அந்த வயதில் எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அம்மா எப்போது சாப்பிட்டார் என்பது இன்று வரைக்கும் தெரியாது.

1980களின் தொடக்கத்தில் அந்தத் தொழிற்சாலையில் கதவடைப்பு. சங்கு ஊதுவது நின்றது, பன் வருவதும் நின்றது. தடைக்காலத்தில் நிவாரணம் என்று இப்போது குடும்பத்துக்கு 8,000 ரூபாய் கிடைக்கிறது. கதவடைப்புக்கு அப்படி எதுவும் கிடையாது. அப்பா பகல் முழுக்க வீட்டில் இருந்தார். எங்களோடு இருந்து பழக்கமில்லாதவர் எங்களோடு இருந்தார். யார் எந்த வகுப்பு என்பதில்கூட அவருக்குக் குழப்பம் இருந்தது. எங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் தூங்கும் முகம்தான்.

அந்த வருடம் அண்ணன் பத்தாம் வகுப்பில் தவறிவிட்டான். முடிவு தெரிந்த அன்று இராத்திரி, சோற்றில் கை வைத்திருந்தவனைப் பார்த்து அப்பா கேள்வி கேட்க ஆரம்பித்தார். எங்கே சுற்றினாய், யாரோடு சுற்றினாய், இந்தச் சோறு எங்கிருந்து வருகிறது தெரியுமா. கேள்விகள் வளர்ந்தன. அண்ணன் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னான். அப்பா அடித்தார். தட்டு கதவில் போய் மோதியது. கரி அடுப்பின் மேல் குழம்பு கொட்டி, வீடு முழுக்கத் தீய்ந்த வாசனை. அண்ணன் போட்டிருந்த சட்டையோடு வெளியே போனான்.

இரண்டு மாதத்துக்கு மேல் அவன் வரவில்லை. காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற வேலையில் இருக்கிறான் என்று யாரோ வந்து சொன்னார்கள். அம்மா ஒவ்வொரு இராத்திரியும் அவன் தட்டையும் சேர்த்துக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். அப்பா அதைப் பார்ப்பார். ஒன்றும் பேசமாட்டார்.

ஒரு நாள் இராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இருக்கும். வாசலில் அண்ணன். ஐஸ் பட்டுத் தோல் உரிந்த கைகள். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான். அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்தார். நாங்கள் மூன்று பேரும் மூலையில் ஒடுங்கினோம். அப்பா நேராக அடுப்படிக்குப் போனார். தணிந்திருந்த கரியை ஊதினார். உறியில் இருந்த வாளைக் கருவாட்டில் இரண்டு துண்டு எடுத்துக் கரியின் மேல் வைத்துச் சுட்டார். அதுவரைக்கும் அப்பா அடுப்புப் பக்கம் போய் நாங்கள் பார்த்ததில்லை. அம்மா தண்ணீர் ஊற்றி வைத்திருந்த சோற்றைப் பிழிந்து அண்ணன் தட்டில் போட்டு, கருவாட்டை ஓரத்தில் வைத்து, அவன் முன்னால் தள்ளினார். அண்ணன் சாப்பிட்டான். சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் அப்பா வாயைத் திறக்கவில்லை. அவன் கை கழுவிக்கொண்டு வந்த பிறகுதான் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"காலைல எத்தினி மணிக்கு எழுப்பணும்?"

"மூணு மணிக்கு," என்றான் அண்ணன்.

அவ்வளவுதான். மூன்று மணிக்கு அப்பா எழுப்பினார்.

பேராசிரியர் அடுத்த வசனத்துக்குப் போயிருந்தார். அவர்கள் சாப்பிட்டு முடித்த பின்புதான் இயேசு பேதுருவிடம் கேள்வி கேட்டார் என்பதைக் கவனிக்கச் சொன்னார். யோவான் அதைக் குறிப்பாக எழுதியிருக்கிறார். பேதுரு செய்ததற்கு எத்தனை கேள்வி கேட்டிருக்கலாம்! ஏன் ஓடிப்போனாய், ஏன் பொய் சொன்னாய், சத்தியம் செய்தாயே என்ன ஆயிற்று. ஒன்றையும் கேட்கவில்லை. முதலில் சாப்பாடு. பிறகு, தம்மீது அன்பு உண்டா என்று மூன்று முறை. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வேலை கொடுத்தார், தம்முடைய ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும்படி. வேலையில் தவறியவனிடம் வேலையைத் திருப்பிக் கொடுப்பதைவிடப் பெரிய மன்னிப்பு உழைக்கிறவர்களுக்கு எது?

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். கடற்கரையில் அடுப்பு மூட்டியவர் காயம் பட்டவர். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. அடித்த கைதான் அன்று அடுப்பை ஊதியது. அதனால் குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனைப் பற்றிச் சொல்லி அழுகிற பெண்ணிடம், பொறுத்துக்கொள், அவனுக்குச் சோறு போடு, ஆண்டவரும் அப்படித்தான் செய்தார் என்று யாரும் இந்த நற்செய்தியைக் கொண்டு போக வேண்டாம். அவள் ஏற்கெனவே நிறையச் சோறு போட்டுவிட்டாள். நிவாரணப் பணம் வீட்டுக்கு வரும் வழியிலேயே மதுக்கடையில் கரைகிற குடும்பங்கள் நம் பங்கில் உண்டு. அந்த வீட்டு ஆண்கள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தால், அடுப்படி எந்தப் பக்கம் என்று தேடிப் போக வேண்டியது அவர்கள்தான்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 நவம்பர் 11 அன்று புதன்கிழமை மறைக்கல்வி உரையில் இதே காரியத்தைப் பேசினார். சேர்ந்து சாப்பிடாத, அல்லது சேர்ந்து உட்கார்ந்தும் டிவியையும் போனையும் பார்த்துக்கொண்டு பேசாமல் சாப்பிடுகிற குடும்பத்தைக் குடும்பம் என்று சொல்வதே கடினம் என்றார். 2025 ஏப்ரல் 21ஆம் தேதி, பாஸ்காவுக்கு மறுநாள், ஆண்டவர் அவரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். 2025 மே 7ஆம் தேதி கர்தினால்கள் கூடினார்கள். இராயப்பரின் இருக்கையில் உட்காரப் போகிறவர் யார் என்று உலகமே வத்திக்கானைப் பார்த்துக்கொண்டிருந்தது. யார் வந்தாலும், பேதுருவிடம் கேட்ட கேள்விதான் அவரிடமும் கேட்கப்படும். அவருக்காகச் செபிப்போம்.

நேயர்களே, மற்றவர்களுக்குச் சொல்வது எளிது. எங்களைப் போன்ற குருக்கள் பெரும்பாலும் தனியாகச் சாப்பிடுகிறவர்கள். வீடுகளுக்குப் போனாலும், குடும்பமே சுற்றி நின்று பரிமாறும், சாமி மட்டும் சாப்பிடுவார். பட்டம் வாங்கிய மறுநாளிலிருந்து எங்கள் அம்மாவே "வாங்க சாமி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அப்பாவும் அப்படித்தான். மரியாதை கூடக் கூடத் தட்டு தள்ளிப் போகிறது.

அப்பாவின் கடைசி நாட்களில் ஒரு மாலை வீட்டுக்குப் போயிருந்தோம். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பாவுக்குக் கண் மங்கியிருந்தது. அரை மணி நேரம் இருந்தோம். பங்கில் ஒரு கூட்டம். கிளம்பும்போது அப்பா, "சாப்ட்டுட்டுப் போங்க சாமி, உங்க அண்ணி வாளக் கருவாடு வச்சிருக்குது," என்றார். அடுத்த முறை வரும்போது சாப்பிடுகிறேன் அப்பா என்று சொல்லி பைக்கை எடுத்தோம். கூட்டத்தில் என்ன பேசினோம் என்பது இன்றைக்கு நினைவில்லை. பதினோராம் நாள் அப்பா இறந்துவிட்டார்.

அடக்கத் திருப்பலியில் நாமே மறையுரை வைத்தோம். விண்ணக விருந்தைப் பற்றிப் பேசினோம். நன்றாகப் பேசினீர்கள் சாமி என்று நிறையப் பேர் கையைப் பிடித்துச் சொன்னார்கள். கல்லறையிலிருந்து திரும்பி வந்து, வீட்டின் பின்பக்கம் துணி துவைக்கிற கல்மேல் தனியாக உட்கார்ந்திருந்தோம். அண்ணன் வந்தான். மறையுரையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அன்றைக்கு ஏன் சாப்பிடாமல் போனாய் என்றும் கேட்கவில்லை. அவனுக்கு அது தெரியும், அவன் வீட்டில்தான் அப்பா இருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோற்றை ஒரு தட்டில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். தட்டைக் கையில் கொடுத்து, "மொதல்ல சாப்புடு," என்றான். அத்தனை வருடத்தில் அவன் சாமி என்று கூப்பிடாமல் பேசியது அன்று ஒரு நாள்தான்.

அவனும் இன்னொரு தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

அண்ணன் ஐஸ் உடைத்ததிலிருந்து தொடங்கிப் பிறகு விசைப்படகில் இருபது வருடத்துக்கு மேல் போனான். இப்போது வயதாகிவிட்டது, கடலுக்குப் போவதில்லை. அவன் மகன் போகிறான். தடைக்காலம் என்பதால் மகனும் வீட்டில். அப்பாவுக்கும் மகனுக்கும் போன வாரம் ஏதோ மனக்கசப்பாம். எஞ்சின் பழுது பார்க்க வாங்கிய கடன் விவகாரம். அண்ணி போனில் சொல்லி வருத்தப்பட்டார். வந்து இரண்டு பேரையும் உட்கார வைத்து விசாரிக்க முடியுமா சாமி என்று கேட்டார்.

வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம். இந்த ஒலிப்பதிவு முடிந்ததும் கிளம்ப வேண்டும். இராத்திரிக்குக் கருவாடு இருக்கிறதா என்று கேட்டோம். வாளை இல்லை, நெத்திலிதான் இருக்கிறது என்றார்கள். கேஸ் அடுப்பில் வேண்டாம், பழைய கரி அடுப்பைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறோம். உங்கள் செபத்தில் எங்கள் குடும்பத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.